உங்க அமெரிக்க வீட்டு பத்திரத்துல ‘வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்’னு இருக்கா? தேடிப்பிடிச்சு ஒரு வழி பண்றது எப்படி

வீட்டுக் கடனை ரீஃபைனான்ஸ் பண்ணலாம்னு ஒரு நாள் ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து பழைய பேப்பரை எல்லாம் புரட்டிட்டு இருந்தேன். சியாட்டிலுக்கு வடக்கால எங்க வீடு, 1940கள்ல பிளாட் போட்ட இடம். வாங்குறப்போ நூறு பக்கத்துக்கு மேல ஒரு பிடிஎஃப் வந்துச்சு, எல்லாரையும் மாதிரி நானும் கையெழுத்து போட வேண்டிய இடத்துல மட்டும் போட்டுட்டு மூடி வச்சுட்டேன். அன்னைக்கு தூக்கம் வரல, சும்மா படிச்சேன். டைப்ரைட்டர்ல அடிச்ச ஒரு மங்கலான பக்கம், கோழிக்கூண்டு வைக்கக்கூடாது, வேலி இத்தனை அடிக்கு மேல போகக்கூடாதுன்னு வரிசையா போயிட்டே இருக்கு, நடுவுல அதே எழுத்து அதே சைஸ்ல இன்னொரு வரி. வெள்ளை இனத்தவர் தவிர வேற யாருக்கும் இந்த இடத்தை விக்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, வேற யாரும் இங்க குடியிருக்கவும் கூடாது, வெள்ளைக்காரர் வீட்ல வேலை பாக்குற வேலைக்காரங்களைத் தவிர. அதாவது நான் இந்த வீட்ல பாத்திரம் தேய்க்கலாம், பின்னாடி ரூம்ல படுத்துக்கலாம், சாவி மட்டும் என் பேர்ல இருக்கக்கூடாது. கோழிக்கூண்டுக்கும் வேலிக்கும் நடுவுல நம்மளை வச்சிருக்கான்.

இதுக்கு பேரு ரேஷியல் கவெனன்ட். இப்போ செல்லாது, பயப்பட ஒண்ணும் இல்ல. ஆனா செல்லாத வரி இன்னும் பத்திரத்துல உக்காந்திருக்கு, நிறைய பேருக்கு அது இருக்குறதே தெரியாது. எப்படி தேடுறது, என்ன பண்ணலாம்னு நான் அலைஞ்சு கத்துக்கிட்டதை எழுதுறேன். வாஷிங்டன் ஸ்டேட்ல இருக்குறவங்களுக்கு அப்படியே பொருந்தும், கலிஃபோர்னியா, மினசோட்டா ஆளுங்களுக்கு ஃபார்ம் வேற, வேலை கிட்டத்தட்ட இதே வேலை தான்.

தேடுறதுக்கு முன்னாடி கொஞ்சம் வரலாறு. இது தெரிஞ்சா தான் எந்த வருஷத்து பேப்பரை பாக்கணும்னு புரியும். 1917 வரைக்கும் சில ஊர்ல முனிசிபாலிட்டியே சட்டம் போட்டு கறுப்பின மக்கள் இந்தந்த தெருவுல வீடு வாங்கக்கூடாதுன்னு வச்சிருந்துச்சு. லூயிவில் ஊர் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் அது தப்புன்னு சொல்லிடுச்சு. சரின்னு விட்டுருவாங்களா? அரசாங்கம் போட்டா தானே தப்பு, நாமளே தனியார் பத்திரத்துல எழுதிக்குவோம்னு ரியல் எஸ்டேட்காரங்க ஆரம்பிச்சாங்க, 1926-ல அதே சுப்ரீம் கோர்ட் அது தனியார் ஒப்பந்தம் தானேன்னு விட்டுருச்சு. அப்புறம் 1934-ல வீட்டுக் கடனுக்கு கேரண்டி குடுக்குற ஃபெடரல் ஹவுசிங் அட்மினிஸ்ட்ரேஷன் வந்துச்சு, அவங்க மேனுவல்லயே இந்த மாதிரி கவெனன்ட் போடுறது நல்லதுன்னு எழுதி வச்சாங்க. பேங்க் லோன் வேணும்னா இந்த வரி இருந்தா நல்லதுன்னு ஆயிடுச்சு, அப்புறம் எந்த பில்டர் தான் எழுதாம இருப்பான். அதனால உங்க பிளாட் 1920கள்ல இருந்து 1940கள் கடைசி வரைக்குள்ள போட்டதா இருந்தா கண்டிப்பா ஒரு தடவை பாருங்க.

1948 தான் திருப்பம். செயின்ட் லூயிஸ்ல ஷெல்லின்னு ஒரு கறுப்பின குடும்பம், மிசிசிப்பில இருந்து பொழைக்க வந்தவங்க, ஆறு புள்ளைங்க, 1945-ல லபாடி அவென்யூல ஒரு செங்கல் வீடு வாங்குறாங்க. அந்த தெருக்காரங்க 1911-லயே கூடிப்பேசி கையெழுத்து போட்டு வச்ச கவெனன்ட் ஒண்ணு இருக்கு, அது இவங்களுக்கு தெரியாது. அதே தெருவுல ரொம்ப தள்ளி வீடு வச்சிருந்த கிரேமர் குடும்பம் கேஸ் போட்டு இவங்களை வெளியேத்தணும்னு நின்னாங்க. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, இந்த மாதிரி ஒப்பந்தத்தை எந்த கோர்ட்டும் அமல்படுத்தக்கூடாதுன்னு 6-0 தீர்ப்பு. ஒன்பது ஜட்ஜ் இருக்குற கோர்ட்ல ஏன் ஆறு பேருன்னு கேப்பீங்க, மூணு பேரு காரணம் சொல்லாம ஒதுங்கிட்டாங்க. அவங்க வீட்டு பத்திரத்துலயே அந்த வரி இருந்திருக்கும்னு தான் அப்போ இருந்து பேச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு 1986-ல வில்லியம் ரென்க்விஸ்ட் சீஃப் ஜஸ்டிஸ் ஆகப்போறப்போ செனட் விசாரணைல அவரோட வெர்மான்ட் வீட்டு பத்திரத்துல யூதர்களுக்கு விக்கக்கூடாதுன்னு இருந்தது வெளிய வந்துச்சு. அவரே கவனிக்கலையாம். அப்போ நாம பிடிஎஃப் படிக்காததெல்லாம் ஒரு தப்பா.

இதுல ஒரு ஓட்டை இருக்கு பாருங்க. 1948 தீர்ப்பு கோர்ட்டுக்கு போகக்கூடாதுன்னு தான் சொல்லுச்சே தவிர எழுதக்கூடாதுன்னு சொல்லல. அதனால அதுக்கு அப்புறமும் 20 வருஷம் எழுதிட்டு தான் இருந்தாங்க. மார்ட்டின் லூதர் கிங் 1968 ஏப்ரல் 4 அன்னைக்கு சுட்டுக் கொல்லப்பட்டார், ஊர் ஊரா பத்தி எரிஞ்சுச்சு, ஏப்ரல் 11-ல, வீடு விக்குறதுலயும் வாடகைக்கு விடுறதுலயும் இனம் பாக்கக்கூடாதுன்னு சொல்ற ஃபேர் ஹவுசிங் சட்டம் கையெழுத்து ஆச்சு. ரெண்டு வருஷமா காங்கிரஸ்ல நகராம கிடந்த சட்டம், ஒரு சாவு விழுந்த பிறகு ஒரே வாரத்துல நகர்ந்துச்சு. சியாட்டில் கதை இன்னும் மோசம், 1964-ல வீடு விக்குறதுல இனம் பாக்கக்கூடாதுன்னு ஒரு சட்டத்தை மக்கள் ஓட்டுக்கு விட்டாங்க, ரெண்டுக்கு ஒண்ணுங்கிற கணக்குல தோத்துச்சு. 1968 ஏப்ரல்ல தான் சாம் ஸ்மித், சியாட்டில் கவுன்சிலோட முதல் கறுப்பின உறுப்பினர், கொண்டு வந்த தீர்மானம் ஒருமனதா பாஸ் ஆச்சு. லிபரல் ஊருன்னு நாம பெருமையா சொல்லிக்கிறோமே, அந்த ஊரு தான்.

சரி, இப்போ வேலைக்கு வருவோம்.

முதல்ல எடுக்க வேண்டியது வீடு வாங்குறப்போ வந்த டைட்டில் ரிப்போர்ட். நம்ம ஊர்ல வில்லங்க சான்றிதழ் போட்டுப் பாக்குறோம்ல, கிட்டத்தட்ட அது தான். அதுல ஷெட்யூல் பி-ன்னு ஒரு பகுதி இருக்கும், விதிவிலக்குகள் எல்லாம் அங்க தான் வரும். கவெனன்ட்ஸ், கண்டிஷன்ஸ், ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்னு ஒரு ஐட்டம், பக்கத்துல ரெக்கார்டிங் நம்பர், அதாவது அந்த பத்திரத்தோட பதிவு எண். அதுக்கு கீழயே இனம், நிறம், மதம் அடிப்படையில ஏதாவது இருந்தா அதை விட்டுட்டு தான் இங்க குடுத்திருக்கோம்ங்கிற மாதிரி ஒரு வாக்கியம் இருக்கும். இதைப் பாத்ததும் ஆஹா மாட்டிக்கிச்சுன்னு குதிக்காதீங்க, அது எல்லா ரிப்போர்ட்லயும் வழக்கமா போடுற வரி, நேத்து கட்டுன காலனிக்கும் வரும். நமக்கு வேண்டியது அந்த ரெக்கார்டிங் நம்பர் மட்டும் தான்.

ரிப்போர்ட் தொலைஞ்சு போச்சுன்னா லீகல் டிஸ்கிரிப்ஷன் போதும். லாட் நம்பர், பிளாக் நம்பர், பிளாட்டோட பேரு, எந்த வால்யூம் எந்த பக்கம், எல்லாம் கவுண்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) அசெஸர், அதாவது சொத்து மதிப்பு போடுற ஆபீஸ் சைட்ல அட்ரஸ் போட்டாலே வந்துரும். சர்வே நம்பர் மாதிரி வச்சுக்குங்க. முக்கியமா ஒண்ணு, வீடு கட்டுன வருஷத்தை பாக்காதீங்க, நிலத்தை பிளாட் போட்ட வருஷத்தை பாருங்க. என் ஃபிரண்டு ஒருத்தன் என் வீடு 2006-ல கட்டுனது எனக்கு ஒண்ணும் இருக்காதுன்னு ஜம்பமா சொன்னான், பாத்தா பழைய வீட்டை இடிச்சுட்டு கட்டுனது, நிலம் 1928 பிளாட். தாய்ப்பத்திரத்துல இருந்தா வாரிசு பத்திரம் எல்லாத்துக்கும் ஒட்டும், அது நம்ம ஊர் சொத்துலயும் அப்படித்தானே. ரெட்மண்ட், சம்மாமிஷ் பக்கம் 80களுக்கு அப்புறம் காட்டை வெட்டி போட்ட காலனின்னா பெரும்பாலும் எதுவும் இருக்காது, ஆனா பாக்க பத்து நிமிஷம் தான் ஆகும்.

அடுத்தது யூனிவர்சிட்டி ஆஃப் வாஷிங்டன் வச்சிருக்குற ரேஷியல் ரெஸ்ட்ரிக்டிவ் கவெனன்ட்ஸ் ப்ராஜெக்ட். 2021-ல ஸ்டேட் ஒரு சட்டம் போட்டுச்சு, மேற்கு பக்க கவுண்டி எல்லாம் இவங்களும் கிழக்கு பக்கத்தை ஈஸ்டர்ன் வாஷிங்டன் யூனிவர்சிட்டியும் பழைய பத்திரங்களை தேடி வீட்டுக்காரங்களுக்கு தெரியப்படுத்தணும்னு. அவங்க சைட்ல கவுண்டி, பிளாட் பேரு வச்சு தேடலாம், மேப்பும் இருக்கு. இங்க கிடைச்சா உங்க பாதி அலைச்சல் மிச்சம். கிடைக்கலைன்னா இல்லைன்னு அர்த்தம் இல்ல, இன்னும் கண்டுபிடிக்கலைன்னும் இருக்கலாம். அப்போ கவுண்டி ரெக்கார்டர் ஆபீஸ் தான். பழைய பத்திரம் எல்லாம் ஆன்லைன்ல கிடைக்காம போகலாம், மைக்ரோஃபிலிம்ல இருந்தா நம்பர் குடுத்து காப்பி கேட்டு வாங்கணும். கவுண்டர்ல இருந்தவங்ககிட்ட எதுக்குன்னு சொன்னேன், அவங்க முகத்துல ஒரு ஆச்சரியமும் இல்ல. வாராவாரம் யாராவது வர்றாங்க போல.

காப்பி கையில வந்ததும் என்ன வார்த்தையை தேடுறதுன்னு தெரியணும், இதுல தான் நிறைய பேரு கோட்டை விடுறாங்க. நாம இண்டியன்னு தேடுவோம், அப்படி தேடுனா கிடைக்காது. அந்த காலத்து பாஷை வேற. காகேஷியன்னா வெள்ளைக்காரங்க, இது தான் அதிகமா வரும். எத்தியோப்பியன்னு போட்டிருந்தா எத்தியோப்பியா நாட்டுக்காரங்க இல்ல, கறுப்பின மக்கள் எல்லாரும். மலாய்னா பிலிப்பைன்ஸ்காரங்க. மங்கோலியன்னா சீனா, ஜப்பான், கொரியா. ஹீப்ரூ இல்லன்னா செமிட்டிக்னா யூதர்கள். ஏஷியாட்டிக்னு ஒரே வார்த்தைல நம்ம மொத்த கண்டத்தையும் அடைச்சிருப்பாங்க. சிலதுல ஹிந்துன்னே இருக்கும், அது மதம் இல்ல, இந்தியால இருந்து வந்த யாரா இருந்தாலும் அவங்களுக்கு ஹிந்து தான். 1907 செப்டம்பர்ல இங்கேயே பக்கத்துல பெல்லிங்ஹாம்ல மர மில்லுல வேலை பாத்த பஞ்சாபி ஆளுங்களை ஒரு கும்பல் அடிச்சு ஊரை விட்டே துரத்துச்சு, அவங்கள்ல பெரும்பாலானவங்க சீக்கியர், பேப்பர்ல எல்லாம் ஹிந்துன்னு தான் எழுதுனாங்க. சியாட்டில்ல பிராட்மூர்னு ஒரு கேட் போட்ட ஏரியா, அங்க ஹீப்ரூ, எத்தியோப்பியன், மலாய், ஏஷியாட்டிக்னு லிஸ்ட்டே போட்டிருந்தாங்க. நாம ஏறி இறங்குற ஏரோப்ளேன் கம்பெனியை ஆரம்பிச்ச வில்லியம் போயிங், அவர் போட்ட இன்னிஸ் ஆர்டன் காலனியிலயும் 1941-ல வெள்ளையர் மட்டும்ங்கிற கதை தான்.

வரி கிடைச்சாச்சு. இப்போ ஃபார்ம். ரெஸ்ட்ரிக்டிவ் கவெனன்ட் மாடிஃபிகேஷன்னு பேரு, கவுண்டி சைட்லயே இருக்கு. உங்க பேரு, லீகல் டிஸ்கிரிப்ஷன், பழைய பத்திரத்தோட ரெக்கார்டிங் நம்பர், அவ்வளவு தான். நோட்டரி முன்னாடி கையெழுத்து போடணும், உங்க பேங்க் பிராஞ்ச்ல ஃப்ரீயா பண்ணித் தருவாங்களான்னு கேட்டுப் பாருங்க. பதிவுக் கட்டணம் கிடையாது, யாராவது நான் பண்ணித் தரேன்னு காசு கேட்டா குடுக்காதீங்க, இதுக்கு வக்கீலும் வேண்டாம். நான் முதல் தடவை அனுப்புனது திரும்பி வந்துருச்சு, பிளாக் நம்பர் போடுற இடத்துல லாட் நம்பரை போட்டிருந்தேன், நம்ம கவனம் அப்படி. பொறுமையா ஒரு தடவை சரிபாத்துட்டு அனுப்புங்க. ஹெச்.ஓ.ஏ., அதாவது வீட்டுக்காரங்க சங்கம், இருக்குற காலனின்னா போர்டு மெஜாரிட்டி போட்டாலே அவங்க ரூல்ஸ்ல இருந்து அந்த வரியை எடுத்துரலாம், எல்லா வீட்டுக்காரங்களும் ஓட்டு போடணும்னு அவசியம் இல்ல. போர்டு ஆளுங்க நிறைய பேருக்கு இது தெரியாது, நீங்க தான் எடுத்துச் சொல்லணும்.

இந்த ஃபார்ம் பழைய பத்திரத்தை அழிக்காது. அது அங்கேயே இருக்கும், பக்கத்துல இந்த வரி செல்லாது, நீக்கப்பட்டதுன்னு உங்க பத்திரம் சேரும். சுத்தமா எடுத்துரணும்னா சுப்பீரியர் கோர்ட்டுக்கு போகுற வழியும் இருக்கு. எனக்கு முதல் வழி தான் பிடிச்சிருந்துச்சு. அழிச்சுட்டா நாளைக்கு ஒருத்தன் அப்படி எதுவும் நடக்கவே இல்லைன்னு சொல்லுவான், காப்பி வேணும்.

என் வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்வி, செல்லாத வரிக்கு எதுக்கு இவ்வளவு அலைச்சல்னு. நானும் அப்படி தான் நினைச்சேன், அடுத்த மேப்பை பாக்குற வரைக்கும். ரிச்மண்ட் யூனிவர்சிட்டி மேப்பிங் இனீக்வாலிட்டின்னு ஒரு சைட் வச்சிருக்கு, 1930கள்ல அரசாங்கம் பெரிய ஊர்களை எல்லாம் பச்சை, நீலம், மஞ்சள், சிவப்புன்னு பிரிச்சு போட்ட மேப் எல்லாம் அதுல ஸ்கேன் பண்ணி இருக்கு. சிவப்புன்னா கடன் குடுக்குறது ஆபத்துன்னு அர்த்தம், ரெட்லைனிங்னு சொல்றாங்களே அந்த பேரு இங்க இருந்து தான். சியாட்டில் மேப் 1936, சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட் சிவப்பு. உங்க வீட்டு கவெனன்ட்டையும் இந்த மேப்பையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒரு பக்கம் கறுப்பின குடும்பங்களை எங்கயும் வீடு வாங்க விடாம சென்ட்ரல் டிஸ்ட்ரிக்ட்ல அடைச்சாங்க, இன்னொரு பக்கம் அங்க வாங்க கடனும் குடுக்கல. 1970-ல அந்த ஏரியால நூத்துக்கு எழுபது பேருக்கு மேல கறுப்பின மக்கள், இப்போ இருபதுக்கும் கீழ. அன்னைக்கு யாருக்கும் வேண்டாம்னு ஒதுக்குன இடம் இன்னைக்கு டவுன்டவுன் பக்கம்னு விலை எகிறிப்போச்சு, சொத்து வரி கட்ட முடியாம வித்துட்டு தெற்கால போயிட்டாங்க.

வீடுங்கிறது இந்த நாட்ல சம்பாத்தியம் சேர்ற உண்டியல். 1940-ல ஒரு வெள்ளைக்கார தாத்தா வாங்குன வீடு அப்பா படிப்புக்கு ஆச்சு, பேரனோட டவுன் பேமெண்ட்டுக்கு ஆச்சு. வாங்க விடாத குடும்பத்துக்கு உண்டியலே இல்ல. 1960-ல வெள்ளையர்ல 65 சதவீதம் பேருக்கு சொந்த வீடு, கறுப்பினத்தவர்ல 38. இன்னைக்கு கிட்டத்தட்ட 74, 45. ரெண்டு பக்கமும் ஏறியிருக்கு, ஆனா இடைவெளி பாகுபாடு சட்டப்படி சரின்னு இருந்த காலத்துல எவ்வளவோ அதை விட கொஞ்சம் கூடத்தான் இருக்கு. பத்திரத்துல இருந்த வரி செத்துப்போச்சு, அந்த வரி பண்ணின வேலை சாகல.

அதுக்கு வாஷிங்டன்ல ஒரு முயற்சி நடக்குது. 2023-ல கவெனன்ட் ஹோம்ஓனர்ஷிப் சட்டம் போட்டு, பத்திரம் பதியுறப்போ 100 டாலர் கூடுதல் கட்டணம் வாங்கி, அந்த காசுல முதல் வீடு வாங்குறவங்களுக்கு டவுன் பேமெண்ட்டுக்கு வட்டியில்லா கடன் குடுக்குறாங்க. நீங்க வீடு வாங்குனப்போ க்ளோசிங் கணக்குல அந்த நூறு டாலரை பாத்து திட்டியிருப்பீங்க, அது இது தான். தகுதி லிஸ்ட்ல இந்திய வம்சாவளியும் இருக்குன்னு கேள்விப்பட்டதும் நம்ம ஆளுங்க எப்படி அப்ளை பண்றதுன்னு கேப்பாங்க. அவசரப்படாதீங்க, 1968 ஏப்ரலுக்கு முன்னாடி நீங்களோ உங்க முன்னோரோ இந்த ஸ்டேட்ல குடியிருந்திருக்கணும், வருமான வரம்பும் உண்டு. 2010-ல ஹெச்-1பி விசால வந்து இறங்குன நமக்கு கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. நம்ம தாத்தா இங்க வீடு தேடி அலையல.

ஆனா நாம இங்க வந்ததுக்கும் கறுப்பின மக்களோட உரிமைப் போராட்டத்துக்கும் நேரடி கணக்கு இருக்கு. 1923-ல பகத் சிங் திந்த், முதல் உலகப் போர்ல அமெரிக்க ராணுவத்துல இருந்தவர், அவரையே வெள்ளையர் இல்ல அதனால குடிமகன் ஆக முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 1946 வரைக்கும் இந்தியர்களுக்கு குடியுரிமை கதவு மூடியே இருந்துச்சு, அதுக்கு அப்புறமும் வருஷத்துக்கு நூறு பேருன்னு கோட்டா. 1965 ஆகஸ்ட்ல ஓட்டுரிமை சட்டம், அக்டோபர்ல குடியேற்ற சட்டம், அதே வருஷம் அதே காங்கிரஸ். ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போய் அலபாமா செல்மால பாலத்து மேல அடி வாங்குனவங்க திறந்த கதவுல தான் நாம சூட்கேஸை உருட்டிட்டு வந்தோம். வீட்ல பசங்க இருந்தா பத்திரக் காப்பியை டைனிங் டேபிள்ல வச்சு இதை சொல்லுங்க, ஸ்கூல்ல கறுப்பின வரலாறு மாசம்னு போஸ்டர் ஒட்டுறதை விட நல்லா ஏறுது. என் பொண்ணு அந்த வேலைக்காரங்க வரியை ரெண்டு தடவை படிச்சுட்டு, அப்போ நம்ம சாராவுக்கு எந்த ரூம்னு கேட்டா, சாரா அவ கிளாஸ்மேட், கறுப்பின பொண்ணு.

இன்னொண்ணையும் சொல்லிடுறேன், சொல்லாம விட்டா இந்த கைடு பொய்யாயிடும். இந்த வரியை கண்டுபிடிச்ச அதே மாசம் சென்னைல இருக்குற எங்க ஃப்ளாட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்திருந்துச்சு. புரோக்கர் ஃபோன்ல, சார் நல்ல ஃபேமிலி, கவர்மெண்ட் வேலைன்னு எல்லாம் சொல்லிட்டு குரலை இறக்கி, ஆனா அவங்க ‘அந்த ஆளுங்க’ சார், அசோசியேஷன்ல முணுமுணுப்பாங்க, பாத்துக்கலாமான்னு கேட்டார். நான் என்ன பதில் சொல்லியிருக்கணும்? யோசிச்சு சொல்றேன்னு சொன்னேன். யோசிச்சு சொல்றேன்! ரெண்டு மணி நேரம் கழிச்சு திரும்ப கூப்பிட்டு குடுத்துருங்கன்னேன், அந்த ரெண்டு மணி நேரத்துக்கு எந்த ஃபார்மும் இல்ல. அங்க பத்திரத்துல எழுதுறது கூட இல்ல, குரலை இறக்குனாலே போதும். சியாட்டில் 2023 பிப்ரவரில சாதிப் பாகுபாட்டை தடை பண்ணுன முதல் அமெரிக்க நகரம் ஆனப்போ நம்ம வாட்ஸ்அப் குரூப்ல எல்லாம் நம்மளை குறி வைக்கிறாங்கன்னு கொதிச்சாங்க, ஹிந்துன்னு போட்ட பழைய பத்திரத்தை நான் ஷேர் பண்ணப்போ அதே ஆளுங்க தான் முதல்ல கோவப்பட்டாங்க.

கடைசியா ஒரு வேலை. ஒரு பிளாட்டுக்கு போட்ட கவெனன்ட் பெரும்பாலும் தெரு மொத்தத்துக்கும் ஒரே பத்திரம், ஆனா ஃபார்ம் ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியா போடணும். அதனால ரெக்கார்டிங் நம்பர் கையில வந்ததும் பக்கத்து வீடுகளுக்கு குடுத்துருங்க, அவங்க தேடுற வேலை மிச்சம். நான் எங்க தெரு குரூப்ல போட்டேன், மூணு வீட்ல ஃபார்ம் கேட்டு வாங்கிட்டு போனாங்க, எதிர் வீட்டு பெரியவர் மட்டும் பழசை எதுக்கு கிளறணும்னு மெசேஜ் போட்டார். அவருக்கும் ஒரு காப்பி பிரிண்ட் எடுத்து, லாட் நம்பர் பிளாக் நம்பர் எல்லாம் நானே சரியா நிரப்பி, கையெழுத்து இடத்தை மட்டும் காலியா விட்டு கதவு இடுக்குல சொருகிட்டு வந்திருக்கேன்.